ஆங்கிலத்துக்காகக் காத்திருக்கும் ஜப்பான் பேய்கள்

போன மாதம் இதே பகுதியில், ஜப்பானில் சக்கைப்போடு போட்டும் இன்னும் ஆங்கிலத்துக்கு வராத திகில் நாவல்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நம்ம வட சென்னையிலிருந்தே வந்திருக்கின்றன. அதனால் இந்த மாதம் முழுக்க அது ஒன்றைப் பற்றித்தான். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள், ஆகவே எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி: அண்ணா, 'ஷிகி' அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்) 22 எபிசோடும் ஒரே மூச்சில் பார்த்தேன். சரி, நாவலைப் படிக்கலாம் என்று தேடினால் ஆங்கிலத்தில் இல்லை. அனிமே மட்டும் வருகிறது, நாவல் ஏன் வருவதில்லை?
- கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை

தம்பி, நானும் அந்த நாவலுக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பவன்தான். ஃபுயுமி ஓனோ எழுதி 1998-ல் வந்தது. முதலில் இரண்டு தடிமனான பாகங்கள், பிறகு கையடக்கப் பதிப்பாகப் போட்டபோது 5 புத்தகங்கள். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் வெளியாகும் புத்தகங்களில் மொழிபெயர்ப்பு என்பது உலகத்து மொழிகள் எல்லாம் சேர்ந்தே சுமார் 3 சதவீதம்தான் என்று வெகுகாலமாகச் சொல்கிறார்கள். அந்த 3-க்குள் ஜப்பானுக்கு ஒரு பங்கு, அதற்குள் திகிலுக்கு ஒரு துளி. அங்கே புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஜப்பானிய மொழி படிக்கத் தெரியாது. யாராவது படித்துப் பார்த்து இது நல்ல நாவல் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், மாதிரிக்கு ஓர் அத்தியாயம் மொழிபெயர்த்துக் காட்ட வேண்டும், உரிமை வாங்க வேண்டும், அப்புறம் ஒருவர் தன் வாழ்க்கையில் ஒன்றிரண்டு வருடத்தை அதற்கே கொடுக்க வேண்டும். 200 பக்க நாவலுக்கே யோசிப்பவர்கள் 5 புத்தகம் என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. திகில் நாவல் பெரும்பாலும் சினிமாவின் தோளில் ஏறித்தான் கடல் தாண்டுகிறது. கோஜி சுஸுகியின் 'ரிங்கு' நாவல் 1991-ல் வந்தது. ஜப்பானியப் படம் 1998-ல், ஹாலிவுட் படம் 2002-ல், அதற்கடுத்த வருடம்தான் நாவல் ஆங்கிலத்தில். 12 வருடக் காத்திருப்பு. அந்தச் சூட்டில் நியூயார்க்கில் இருந்த வெர்டிகல் என்ற சின்ன பதிப்பகம் வரிசையாகப் போட்டது: 2005-ல் 'பாரசைட் ஈவ்', 2007-ல் 'கருப்பு வீடு' என்று. படங்களின் சூடு ஆறியதும் புத்தகங்களும் நின்றுபோயின. 'ரிங்கு' வரிசையிலேயே 2013-ல் வந்த 'டைட்' ஜப்பானிலேயே தங்கிவிட்டது. 'ஷிகி' அனிமேவாக வந்தது 2010-ல், அலை வடிந்த பிறகு.

அனிமே பார்த்துவிட்டோமே, நாவல் எதற்கு என்று மட்டும் நினைக்காதீர்கள். கதை நடக்கும் கிராமத்தின் பெயர் சொதோபா. சொதோபா என்றால் ஜப்பானில் கல்லறைக்குப் பின்னால் நட்டு வைக்கும் நீளமான பலகை. ஊரைச் சுற்றி நிற்கும் மரங்களை வெட்டி அந்தப் பலகை செய்து பிழைத்த ஊர் அது. நாடு முழுக்கப் பிணத்தை எரிக்கும்போது அந்த ஊர் மட்டும் இன்னும் புதைக்கிறது, அதனால்தான் செத்தவர்கள் எழுந்து வர முடிகிறது. அனிமேயில் இது ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். நாவலிலோ, யார் வீட்டில் காய்ச்சல், யார் யாரைப் பார்க்கப் போனார்கள், வைத்தியர் என்ன நினைத்தார், கோயில் பிட்சு என்ன நினைத்தார் என்று வீடு வீடாக ஏறி இறங்குகிறது. ஜப்பானில் நான்கு வருடம் வேலை பார்த்துத் திரும்பிய என் நண்பர் ஒருவர் கல்மண்டபம் டீக்கடையில் உட்கார்ந்து பல சாயந்தரம் எனக்கு இதை வாயாலேயே சொன்னார். மூன்றாவது நாள் சாயந்தரம் வரை பேய் என்ற வார்த்தையே வரவில்லை, ஆனால் வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்கு முதுகு சில்லிட்டது.

கேள்வி: முனி, காட்டேரி, மோகினி என்று நம்மிடம் இல்லாததா? ஜப்பான் பேய்க்கு ஏன் இவ்வளவு ஆலாபனை?
- மீன் ஏலக்கடை வைத்திருப்பவர், காசிமேடு

இரண்டுமே வேண்டும் என்பதுதான் என் பதில். நம்ம ஊரில் கோடையில் கரன்ட் போனதும் மொட்டை மாடியில் பாயை விரித்துப் போட்டுப் பேய்க்கதை சொல்லி வளர்ந்தவர்கள்தானே நாம். ஜப்பானிலும் பேய்க்கதைக்குக் காலம் கோடைதான். இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து போகும் ஓபோன் பண்டிகை பல ஊர்களில் ஆகஸ்டில் வரும். பழைய காலத்தில் 100 விளக்கு ஏற்றி வைத்துக் கதைக்கு ஒன்றாக அணைத்துக்கொண்டே போகும் பழக்கமும் இருந்தது. கடைசி விளக்கு அணைந்ததும் ஏதோ வரும் என்று நம்பிக்கை.

ஆனால் உங்களுக்காக ஒன்று சொல்கிறேன் ஐயா, ஏனென்றால் நீங்கள் கடலோரக்காரர். 'ரிங்கு' எழுதிய அதே சுஸுகி 1996-ல் 'இருண்ட நீர்' என்று பொருள் வரும் ஒரு சிறுகதைத் தொகுப்பு போட்டார் (இது ஆங்கிலத்தில் 2004-லேயே வந்துவிட்டது). தோக்கியோ விரிகுடாவைச் சுற்றியே பெரும்பாலான கதைகள். அதில் ஒரு தாயும் சின்னப் பெண்ணும், கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில் நிற்கும் பழைய அடுக்குமாடியில் குடியிருக்கிறார்கள், பயம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து குழாய் வழியாக இறங்கி வருகிறது. அங்கே கடலைத் தூர்த்து வீடு கட்டினார்கள், இங்கே துறைமுகம் வந்த பிறகு கடல் நம் தெருக்களைத் தின்றது. கல் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறோம். அலை அடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்குகிற நமக்கு அந்தக் கதை தோக்கியோக்காரரைவிடக் கொஞ்சம் கூடவே புரியும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

கேள்வி: வராத நாவல்களில் ஒன்றே ஒன்று நாளைக்கே உங்கள் கைக்கு வரும் என்றால் எதைக் கேட்பீர்கள்?
- பள்ளி ஆசிரியை, வியாசர்பாடி

யோசிக்கவே வேண்டாம் டீச்சர். ஷிமாகோ இவாய் எழுதிய 'பொக்கே, க்யோட்டே'. 1999-ல் ஜப்பான் திகில் நாவல் விருதின் பெரிய பரிசை வாங்கியது, அடுத்த வருடம் யமமோதோ ஷூகோரோ பரிசும். நாவல் என்று சொன்னாலும் நீளம் குறைவு, மற்றக் கதைகளோடு சேர்த்துத்தான் புத்தகமாக வந்தது. ஓர் இரவு, ஓர் அறை, உடலை விற்றுப் பிழைக்கும் ஒரு பெண் தன்னிடம் வந்தவனுக்குத் தன் கதையைச் சொல்கிறாள். அவ்வளவுதான். ஆனால் அவள் பேசுவது ஒகாயாமா வட்டார வழக்கு. தலைப்பே அந்த வழக்குதான், 'ரொம்ப பயம்' என்று பொருள். தோக்கியோவில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள்.

இதை ஆங்கிலத்தில் எப்படிக் கொண்டுவருவது? சுத்தமான ஆங்கிலத்தில் போட்டால் அந்தப் பெண் படித்த அம்மாவாகிவிடுவாள். அமெரிக்கத் தெற்கு வழக்கில் போட்டால் ஒகாயாமா ஒரேயடியாக மிசிசிப்பிக்குப் போய்விடும். அந்தக் கதையைத் தகாஷி மீகே ஓர் அமெரிக்க டிவி தொடருக்காகப் படமாக எடுத்தார், அதில் ஜப்பானிய நடிகர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசினார்கள். காட்சிகளின் கொடூரத்தைப் பார்த்து அந்தச் சேனல் கடைசியில் ஒளிபரப்பவே இல்லை. எனக்கு அதைவிடப் பெரிய இழப்பாகத் தெரிவது அவளுடைய பேச்சு போனதுதான். ஏனென்றால் அந்தக் கதையின் பயம் ரத்தத்தில் இல்லை, ஏழை வீட்டுப் பெண் ஒருத்தி வீட்டுச் சங்கதி பேசுவது போலவே பேசிப் பேசி நம்மை ஒரு குழிக்குக் கூட்டிக்கொண்டு போவதில் இருக்கிறது.

சரி, தமிழுக்கு வந்தால்? இங்கேதான் எனக்கு ஆசை பொங்குகிறது. நம்மிடம் வியாசர்பாடி இருக்கிறது, கொருக்குப்பேட்டை இருக்கிறது. 'பேஜாரு' என்றும், 'மெர்சலாயிட்டேன்' என்றும், 'இட்டுகினு போயி குந்த வச்சான்' என்றும் சொல்லிப் பழகிய வாய் நமக்கு இருக்கிறது. அந்தத் தலைப்பை 'செம மெர்சலு' என்று போட்டாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை. நம்ம பாஷையைச் சினிமா இத்தனை வருடமாகச் சிரிப்புக்கும் அடிதடிக்கும் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறது. ஒரு பெண் அந்தப் பாஷையில் தன் துக்கத்தைச் சொல்லி, கேட்பவன் சிரிக்காமல் நடுங்க வேண்டும் என்றால், மொழிபெயர்ப்பவர் நம் தெருவில் பிறந்தவராக இருக்க வேண்டும், அல்லது நம் ஆயாக்கள் பக்கத்தில் உட்கார்ந்து மாதக்கணக்கில் காது கொடுத்தவராக இருக்க வேண்டும். உங்கள் வகுப்பில் வீட்டுப் பாஷையில் எழுதியதற்காக மார்க் குறைந்து வெட்கப்படும் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையை விட்டுவிடாதீர்கள் டீச்சர்.

கேள்வி: போனில்தான் மொழிபெயர்க்கும் ஆப் இருக்கிறதே, படம் பிடித்தால் ஆங்கிலமாக மாறிவிடுகிறது. அப்படியே படித்தால் என்ன?
- ஐ.டி.ஐ. மாணவர், எண்ணூர்

நானும் செய்து பார்த்தேன். ஜப்பானிய வாக்கியத்தில் எழுவாயைச் சொல்லாமலே விடலாம், வினைச்சொல்லிலும் ஆணா பெண்ணா என்று தெரியாது. வருவதற்குக் 'குரு' என்று ஒரே சொல். வருகிறான், வருகிறாள், வருகிறது, வருகிறேன், எதுவாகவும் இருக்கலாம். திகில் எழுதுகிறவர்களுக்கு இது ஒரு வரம், கதவுக்கு வெளியே நிற்பது யார் என்று பத்துப் பக்கம் சொல்லாமல் ஓட்டலாம். ஆங்கிலத்தில் வாக்கியத்துக்கு எழுவாய் கட்டாயம், ஆகவே மெஷின் தானாக ஒரு 'ஹி'யைப் போட்டுவிடுகிறது, அடுத்த வரியில் அதுவே 'ஷி' ஆகிறது, மூன்றாவது வரியில் 'ஐ' ஆகிறது. பேய் யார் என்பதே கேள்வியாக இருக்கும் கதையில் இப்படி நடந்தால் என்ன மிஞ்சும்? 'குரு' என்ற பெயரிலேயே 2018-ல் ஒரு படம் வந்தது. ஆங்கிலத்தில் அது 'இட் கம்ஸ்'. வருவது 'அது' என்று தலைப்பிலேயே சொல்ல வேண்டியதாகிவிட்டது.

தமிழிலும் விகுதி காட்டிக்கொடுக்கும், வருது என்றால் மனுஷன் இல்லை என்று தெரிந்துவிடும். ஆனால் நமக்கு ஒரு கதவு திறந்தே இருக்கிறது: 'வந்தார்'. ஆணா பெண்ணா என்று சொல்லாமல் மரியாதையாக மறைத்துவிடலாம். நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இந்த 'ஆர்' ஒன்றை வைத்துக்கொண்டே ஒரு நாவலை நடுங்க வைப்பார். அவசரத்துக்கு ஆப் போதும், கதைக்குப் போதாது.

கேள்வி: சுடுகாட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். ஏரியா பெயரைச் சொன்னாலே ஆட்டோக்காரர் முதல் சொந்தக்காரர் வரை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். எங்களைப் போன்றவர்களைப் பற்றி ஏதாவது நாவல் இருக்கிறதா?
- இல்லத்தரசி, மூலக்கொத்தளம்

இருக்கிறது அம்மா. மரிகோ கொய்கே 1988-ல் எழுதியது, தலைப்புக்குக் 'கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கும் வீடு' என்று பொருள். தோக்கியோவில் விலை சல்லிசாகக் கிடைக்கிறதே என்று கணவன், மனைவி, சின்னப் பெண் என ஒரு குடும்பம் அந்த அடுக்குமாடியில் குடியேறுகிறது. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்துகொண்டு போகிறார்கள். ஆங்கிலத்தில் வந்தது 2016-ல், அதாவது 28 வருடம் கழித்து. காத்திருக்கும் நாவல்களைப் பற்றி நான் நம்பிக்கை இழக்காததற்கு இந்த ஒரு புத்தகம் போதும்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் நினைத்துக்கொண்டது வேறொரு நாவலை. 'ஷிகி' எழுதிய அதே ஓனோ 2012-ல் எழுதிய 'ஸான்எ', அடுத்த வருடம் யமமோதோ ஷூகோரோ பரிசு வாங்கியது. கதையே ஒரு வாசகர் கடிதத்தில்தான் தொடங்குகிறது. வாடகை வீட்டில், காலியான அறையில், பாயை ஏதோ உரசுவது போல ஒரு சத்தம் கேட்கிறது என்று எழுத்தாளருக்கு ஒரு பெண் எழுதுகிறாள். இருவரும் சேர்ந்து அந்த இடத்தில் முன்னால் யார் இருந்தார்கள், அதற்கு முன்னால் யார், அதற்கும் முன்னால் யார் என்று தோண்டிக்கொண்டே போகிறார்கள். பேய் பாய்ந்து வரும் காட்சி எதுவும் கிடையாது. விசாரணைக் குறிப்பு போலவே நகரும்.

தலைப்பின் இரண்டாவது எழுத்துக்கு அர்த்தம், சாவிலிருந்து ஒட்டிக்கொண்டு பரவும் அழுக்கு. 927-ல் தொகுத்து முடித்த ஒரு சட்டநூலிலேயே, இழவு வீட்டுக்குப் போனவரிடமிருந்து அடுத்தவருக்கு, அவரிடமிருந்து அதற்கடுத்தவருக்கு அது எவ்வளவு தூரம் ஒட்டும் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். இதை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்காமல் திண்டாட வேண்டும். நமக்குத் 'தீட்டு' என்ற ஒரே வார்த்தை போதும், பாட்டிகள் வாயில் இன்றைக்கும் இருக்கிறது. அதே வார்த்தையை வைத்து எத்தனை பேரை இந்த ஊர் ஒதுக்கி நிறுத்தியது என்பதும் நமக்குத் தெரியும், ஜப்பானிலும் பிணம், தோல் சம்பந்தப்பட்ட வேலை செய்தவர்களைத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கித்தான் வைத்தார்கள். அதனால் தமிழில் அந்த நாவல் வரும்போது 'தீட்டு' என்ற சொல்லுக்கு அங்கே இல்லாத கனம்கூட ஏறிக்கொள்ளும், மூலக்கொத்தளத்தில் உட்கார்ந்து படிக்கும் உங்களுக்கு அது எப்படிப் படும் என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன். ஆட்டோக்காரர் உங்களைப் பார்க்கும் அந்தப் பார்வையைப் பற்றித்தான் அந்த நாவல் என்றுகூடச் சொல்லலாம்.

கேள்வி: 'டோகுரா மகுரா' என்ற நாவலைப் படித்தால் பைத்தியம் பிடிக்கும் என்கிறார்களே, நிஜமா?
- பெரம்பூர் வாசகர்

இல்லை. அது புத்தகத்துக்குப் பதிப்பகத்தார் செய்த விளம்பரம். க்யூசாகு யுமேனோ 1935-ல் வெளியிட்டார், மறு வருடமே இறந்துவிட்டார். நினைவு தப்பிப்போன ஒருவன் ஆஸ்பத்திரி அறையில் கண் விழிக்கிறான், அவன் கண்ணில் படும் ஒரு கையெழுத்துப் பிரதியின் தலைப்பும் 'டோகுரா மகுரா'தான். பிரெஞ்சுக்காரர்கள் 2003-லேயே இதைத் தங்கள் மொழியில் படித்துவிட்டார்கள், ஆங்கிலம் இதில் பின்தங்கிவிட்டது. ஆங்கிலம்தான் எல்லாவற்றுக்கும் முதல் வாசல் என்று நினைக்கிறோமே, அந்த நினைப்பைக் கொஞ்சம் தள்ளி வைக்க இந்தப் புத்தகம் நல்ல சாட்சி.

கேள்வி: கையில் கிடைப்பதில் எதில் ஆரம்பிக்கலாம்?
- பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

யூசுகே கிஷியின் 'கருப்பு வீடு'. ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர் எழுதியது, கதாநாயகனும் அதே வேலைதான். பணத்துக்காக ஒரு குடும்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் பயமே, பேய் கிடையாது. பிடித்திருந்தால் நீங்களும் எங்களோடு வரிசையில் வந்து நில்லுங்கள். 1998-ல் அவர் எழுதிய 'தென்ஷி நோ ஸாஎஸுரி' வரவில்லை. அமேசான் காட்டுக்கு ஆராய்ச்சிக்குப் போய்த் திரும்பியவர்கள், தாங்கள் எதற்கு அதிகம் பயந்தார்களோ அதையே ஆசையாகத் தேடிப்போய் உயிரை விடுகிறார்கள், அது ஏன் என்பதுதான் கதை. புதியது வேண்டுமென்றால், வெள்ளை முகமூடியோடு யூடியூபில் வரும் உகெட்சுவின் இரண்டு புத்தகங்கள் 2025-ல் ஆங்கிலத்துக்கு வந்திருக்கின்றன. ஜப்பானில் வந்து மூன்று நாலு வருடத்திலேயே வந்துவிட்டன, வெர்டிகல் காலத்து அலை திரும்ப எழுகிறது என்று எனக்குத் தோன்றுவதற்கு அதுதான் காரணம். பழைய பிரதிக்கு சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் கடைகளை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பிறகு அங்கே வந்து உட்கார்ந்தவர்கள், கேட்டால் தேடி எடுத்து வைப்பார்கள்.

கேள்வி: ஜப்பானிய மொழியும் தமிழும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். அப்படியென்றால் நாம் ஏன் ஆங்கிலத்துக்காகக் காத்துக்கிடக்க வேண்டும்?
- ஓய்வு பெற்ற துறைமுகத் தொழிலாளி, ராயபுரம்

ஐயா, முதல் பாதியை ஒப்புக்கொள்ள முடியவில்லை. சுஸுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் அப்படிச் சொன்னது உண்மை, அவரை நாம் மரியாதையோடு நினைக்க வேண்டும், ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உங்கள் இரண்டாம் பாதியோடு முழுக்க உடன்படுகிறேன். உறவு இல்லாவிட்டாலும் இரண்டு மொழியும் நடக்கும் விதம் ஒன்று. வினைமுற்று கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், 'நேற்று கிணற்றடியில் நின்ற வெள்ளைப் புடவைக்காரி' என்று அடைமொழி எல்லாம் முன்னால் வந்து, யார் என்பது கடைசியில்தான் தெரியும். பயத்தைக் கடைசிச் சொல் வரைக்கும் பிடித்து வைக்கும் ஜப்பானிய வாக்கியத்தைத் தமிழ் அப்படியே பிடித்து வைக்கும். ஆங்கிலம் அதைத் திருப்பிப் போட்டால்தான் நிற்கும்.

அப்புறம் இரட்டைக்கிளவி. வெடவெட, கிடுகிடு, சளக் சளக் என்று நாம் சொல்வது போல ஜப்பானிலும் ஆயிரக்கணக்கில் உண்டு. சத்தமே இல்லாத அமைதிக்குக்கூட 'ஷீன்' என்று ஒரு சத்தம் வைத்திருக்கிறார்கள். ஷினோபு ஒரிகுச்சி எழுதிய ஒரு நாவலின் தொடக்கத்தில் கல்லறைக்குள் ஒரு பிணம் கண் விழிக்கும்போது தண்ணீர் சொட்டுவது 'ஷித ஷித ஷித' என்று கேட்கும்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மஸாகோ பந்தோ 1993-ல் 'ஷிகோகு' என்று ஒரு நாவல் எழுதினார். ஷிகோகு என்பது ஜப்பானின் பெரிய தீவுகளில் ஒன்று, நாலு நாடு என்று பொருள். 'ஷி' என்றால் நாலு, 'ஷி' என்றால் சாவும்கூட. தலைப்பில் ஓர் எழுத்தை மாற்றி அவர் அதைச் 'சாவு நாடு' ஆக்கிவிட்டார். அந்தத் தீவைச் சுற்றி 88 கோயில்கள், சுமார் 1,200 கி.மீ. யாத்திரை. இறந்த மகளைத் திரும்பக் கொண்டுவர அவள் அம்மா அந்த யாத்திரையைத் தலைகீழாக, இடம்புரியாகச் சுற்றுகிறாள், மகள் இறந்த வயது எத்தனையோ அத்தனை சுற்று. இதற்கு ஆங்கிலப் புத்தகத்தில் அடிக்குறிப்பு எழுத வேண்டும். வடிவுடையம்மன் கோயிலைச் சுற்றும் எந்தப் பாட்டியிடமும் போய் 'அப்பிரதட்சணமாகச் சுற்றினாள்' என்று சொல்லிப் பாருங்கள், அந்தப் பாட்டிக்கு உடனே வயிறு கலங்கும்.

கேள்வி: 13 வயது மகள் பேய்க்கதை கேட்டு உயிரை எடுக்கிறாள். எதைக் கொடுக்கலாம்?
- திருவொற்றியூர் வாசகி

'க்வாய்தான்', 1904-ல் வந்தது. லஃப்காதியோ ஹெர்ன் எழுதியது. ராத்திரியில் விளக்கைக் குறைத்துவிட்டு அவருடைய ஜப்பானிய மனைவி செட்சு கதை சொல்வார். புத்தகத்தைப் பார்த்துப் படிக்கக் கூடாது, உன் வார்த்தையில், உன் மனசிலிருந்து சொல் என்று ஹெர்ன் கேட்டுக்கொள்வாராம். அப்படிக் காதால் கேட்டுத்தான் எழுதினார். நீங்களும் முதலில் நீங்கள் படித்துவிட்டு, அப்புறம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மகளுக்குச் சொல்லுங்கள் அம்மா. 'பாரசைட் ஈவ்' போன்றவற்றை இப்போதைக்கு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: நான் ஜப்பானிய நிறுவனத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். ஜப்பானிய நாவலைத் தடங்கல் இல்லாமல் படிப்பேன், ஆனால் தமிழ் எழுதி ரொம்ப வருடம் ஆயிற்று, எழுத உட்கார்ந்தால் ஆபீஸ் ரிப்போர்ட் மாதிரி வருகிறது. என்னைப் போன்றவர்களால் ஏதாவது பிரயோஜனம் உண்டா?
- கொளத்தூர் வாசகி

இந்த மாதத்துக் கடிதங்களில் நான் இரண்டு தடவை படித்தது உங்களுடையதைத்தான்.

ஜப்பானிய மர்மக்கதை எழுத்தாளர் எடோகாவா ரான்போவின் கதைகள் முதலில் ஆங்கிலத்துக்கு எப்படிப் போயின தெரியுமா? 1956-ல் வந்த அந்தத் தொகுப்பை மொழிபெயர்த்த ஜேம்ஸ் ஹாரிஸுக்கு ஜப்பானிய மொழி சரளமாகப் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. ரான்போவுக்கு ஆங்கிலம் படித்தால் புரியும், எழுத வராது. வாரம் ஒரு நாள் இருவரும் உட்கார்ந்து, ரான்போ வரி வரியாகத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்ட, ஹாரிஸ் எழுத, அவர் சரிபார்க்க, இப்படியே ஐந்து வருடம். அரைகுறை என்று தங்களை நினைத்து ஒதுங்கியிருந்தால் அந்தப் புத்தகமே வந்திருக்காது.

உங்களுக்கு வேண்டியது ஒரு துணை, அவ்வளவுதான். நம் பக்கத்தில் தமிழை நன்றாக எழுதுகிற, நம்ம தெருப் பேச்சைக் காதில் வைத்திருக்கிற ஒருவர். இவாயும் ஓனோவும் இப்போதைக்கு வேண்டாம், அவர்களுக்கு உரிமை வாங்க வேண்டும், அது முறையாகத்தான் நடக்க வேண்டும். ஜப்பான் பவுண்டேஷன் மொழிபெயர்ப்புகளுக்கு உதவித்தொகை தருகிறது. இங்கேயும் 2023 முதல் நடக்கும் சென்னை பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியில் உரிமை பேச இடம் இருக்கிறது. ஆனால் நல்ல மாதிரி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு போனால்தான் எந்தப் பதிப்பகமும் காது கொடுக்கும். மாதிரிக்கு, 1939-ல் இறந்த கிதோ ஒகாமோதோவை எடுத்துக்கொள்ளுங்கள். உரிமைச் சிக்கல் கிடையாது, 'அவோஸோரா புன்கோ' என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஒரு வீட்டில் கூடியவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லும் 12 கதைகள் கொண்ட அவருடைய தொகுப்பில் 'தோனே நோ வாதாஷி' என்று ஒரு கதை உண்டு. தோனே ஆற்றுப் படகுத்துறை. கண் தெரியாத ஒருவர் தினமும் அங்கே வந்து நின்று, அக்கரைக்குப் போகிறவர்களையும் வருகிறவர்களையும் ஒரே ஒரு ஆளின் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டே இருக்கிறார். வருஷக்கணக்கில்.

படகு, துடுப்பு, துறை, கரையில் ஆள் வரக் காத்திருப்பது, இதற்கெல்லாம் வார்த்தை வேண்டுமென்றால் காசிமேட்டில் கேட்டுக்கொள்ளலாம், இந்தப் பக்கத்தில் மேலே கடிதம் எழுதிய ஏலக்கடை ஐயா உதவுவார் என்று நினைக்கிறேன். கல்மண்டபத்து நண்பரும் வருகிறேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன். நீங்கள் படித்துச் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன், முதல் நாள் ஒரு பக்கம் முடிந்தாலும் சரி. பத்திரிகை முகவரிக்கே பதில் போடுங்கள்.